ஓட்டுக் கூரைப் பாசிக்கு மயில்துத்தம் அடிக்கலாமா?

ஆனைமலைப் பக்கம் தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு), அறுபது வருஷத்துச் சீமை ஓடு (மங்களூர் ஓடு), வடக்குப் பக்கக் கூரை முழுக்கப் பாசி. உரக்கடையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அடிக்கச் சொல்கிறார்கள், கொத்தனார் ஆசிட் ஊற்றச் சொல்கிறார், கூரைத் தண்ணீர் விழுகிற தொட்டியில்தான் இரண்டு மாடும் ஏழெட்டுச் செம்மறியும் குடிக்கின்றன. மண்ணும் தண்ணீரும் கெடாமல் பாசியை ஒழிக்க என்ன மருந்து என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தைத்தான் கேட்டீர்கள் என்றாலும், அதற்கு முன்னால் இந்தப் பாசியால் வீட்டுக்கு நிஜமாகவே கெடுதல் உண்டா, உண்டென்றால் மருந்தே இல்லாமல் சமாளிக்க முடியுமா என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு இருபத்திரண்டு வருஷமாகக் கோவை, பொள்ளாச்சி, கோபி வட்டாரத்தில் பழைய வீடுகளுக்குப் பழுது பார்க்கிறவன். தாவரவியல் படித்தவன் இல்லை. பாசியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி ஏணியில் நின்று பார்த்தது, மீதி என் தப்புகளில் கற்றது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் பச்சையாக வழுக்குவது எல்லாமே பாசிதான். ஆனால் கூரையில் மூன்று தினுசு இருக்கும். தார்சில், அதாவது கான்கிரீட் மொட்டை மாடியில், மழைக்காலத்தில் வழுக்கி, வெயில் வந்ததும் கறுப்புப் பொருக்காகக் காய்வது ஒன்று; அது தண்ணீர்ப் பாசிக்கு உறவு. ஓட்டின் மேல் வெள்ளியும் சாம்பலுமாக நாணயம் நாணயமாக ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்துகிற அதற்கு மரப்பாசி, கற்பாசி என்று பெயர். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், கூரையை ஒன்றும் செய்யாது, சுரண்டினால் ஓட்டின் தோலையும் சேர்த்துக் கொண்டுவரும் என்பதால் அதை நான் தொடுவதே இல்லை. மூன்றாவதுதான் உங்களுடையது. தொட்டால் வெல்வெட் மாதிரி மெத்தென்று, விரலால் நெண்டினால் அடை அடையாகப் பெயர்கிற பச்சை மெத்தை. இதற்கு நிஜமான வேர் கிடையாது. ஓட்டைப் பிடித்துக்கொள்ள நூல் மாதிரி சில இழைகள் மட்டும் உண்டு, தண்ணீரை இலை வழியாகவே குடித்துக்கொள்ளும். ஆகவே வேரோடு கொல்கிற மருந்து என்று யாராவது விற்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

இந்தப் பாசியிடம் ஒரு வேடிக்கை இருக்கிறது. பங்குனியில் காய்ந்து, பழுப்பாகி, செத்தே போய்விட்டது போலக் கிடக்கிற ஒரு அடையை எடுத்து அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், டீ ஆறுவதற்குள் பச்சை திரும்பிவிடும். அது செத்திருக்கவில்லை, மூச்சடக்கிக் கிடந்திருக்கிறது. ஈரம் இருக்கிற நேரத்தில் மட்டும் வளரும், ஈரம் போனால் அப்படியே நின்றுவிடும். உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது: ஒரு நாளில் உங்கள் ஓடு எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறதோ அத்தனை மணி நேரம்தான் பாசிக்கு வேலை நேரம். அந்த நேரத்தைக் குறைத்தால் பாசி தானாகக் குறையும். குறைக்காமல் எதை ஊற்றிக் கொன்றாலும் காற்றில் வருகிற அதன் வித்துத்தூள் அடுத்த ஆடியில் மறுபடி குடியேறிவிடும்.

உங்கள் கூரையில் ஏன் வடக்குப் பக்கம் மட்டும் என்றால், நாம் கிட்டத்தட்ட 11 பாகை வடக்கில் இருக்கிறோம். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது சித்திரையின் முதல் வாரத்திலும், ஆவணித் தொடக்கத்திலும்தான். ஐப்பசி மழை தொடங்கும்போது அது தெற்கே சாய்ந்துவிடும். மார்கழியில் 30 பாகைச் சரிவுள்ள கூரையின் வடக்கு முகத்துக்கு, உச்சி வேளையில்கூட, தெற்கு முகம் வாங்குகிற வெயிலில் பாதி கிடைப்பதில்லை. சரி, ஆனி ஆடியில் சூரியன் வடக்கேதானே இருக்கிறது, அப்போது காய வேண்டாமா என்று கேட்டால், அந்த இரண்டு மாதமும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேகமும் சாரலும் உங்கள் ஊர்மேல் நிற்கின்றன. சூலூர், பல்லடம் பக்கம் இதே ஓட்டு வீடுகளில் இந்த மெத்தைப் பாசி இவ்வளவு தடிமனாக வருவதில்லை, அங்கே காற்று மட்டும் வரும், மழை வராது. மறுபக்கம் வால்பாறையில் வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அங்கே எஸ்டேட் வீடுகளில் பாசியோடு சண்டை போடுவதை யாரும் யோசிப்பதுகூட இல்லை. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள், கூடவே கூரைமேல் மாமரக் கிளையும் கவிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

கெடுதல் உண்டா என்பதற்கு வருகிறேன். இணையத்தில் தேடினால் பாசி ஓட்டை உடைத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். அதில் பெரும்பங்கு குளிர் நாட்டுச் சங்கதி. அங்கே பாசி பிடித்துவைத்த தண்ணீர் உறைந்து, பருத்து, ஓட்டைப் பிளக்கும். ஆனைமலை அடிவாரத்தில் தண்ணீர் உறையப் போவதில்லை. நன்றாக வெந்த சீமை ஓட்டைப் பாசி அரித்துத் தின்று நான் பார்த்ததில்லை. அரைகுறையாக வெந்த நாட்டு ஓடு மட்டும் எப்போதும் ஈரமாகவே இருந்தால் மேல்தோல் பொடிப்பொடியாக உதிரும். உங்கள் வீட்டில் நிஜமான ஆபத்து வேறு இடத்தில். ஒரு ஓடும் அடுத்த ஓடும் கோத்துக்கொள்கிற காடி இருக்கிறதே, தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்கி வரும். அந்தக் காடிக்குள் பாசியும் மாவிலை மக்கும் சேர்ந்தால் குட்டி அணைக்கட்டு மாதிரி தண்ணீர் தேங்கி, பின்னுக்கு ஏறி, ஓட்டின் அடியில் வழிந்து, ஓட்டைத் தாங்குகிற மரச்சட்டமான ரீப்பரை நனைக்கும். ரீப்பர் இற்றால் ஓடு சரியும், சரிந்தால் ஒழுகும், ஈரம் கண்ட இடத்துக்குக் கரையான் தானாக வரும். ஆக, ஓட்டின் முதுகில் இருக்கிற பச்சை வெறும் பார்வைக் குறைதான், காடியில் இருப்பதுதான் பிரச்சனை. முதுகில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் காடியை மட்டும் சுத்தம் செய்த வீடுகள் உண்டு, ஒழுகாமல்தான் இருக்கின்றன.

இப்போது உங்களுக்குச் சொல்லப்பட்ட மருந்துகள். மயில்துத்தம் பாசியைக் கொல்லும், சந்தேகமே இல்லை. பாக்குக்கும் காபிக்கும் அடிக்கிற போர்டோ கலவையில் இருப்பதும் அதுதான், நம் ஆட்களுக்குப் பழகிய சரக்கு என்பதால் கையில் எடுக்கப் பயப்படுவதில்லை. ஆனால் அதில் இருப்பது தாமிரம், அது மக்கிப் போகிற பொருள் கிடையாது. கூரையில் இருந்து இறங்கினால் மண்ணில் இருக்கும், தொட்டியில் இருக்கும், குட்டைக்குப் போனால் மீனைக் கொல்லும். உங்களுக்கு இதைவிட முக்கியமானது செம்மறி. செம்மறிக்குத் தாமிரம் ஆகவே ஆகாது. மாடும் வெள்ளாடும் ஓரளவு தாங்குகிற அளவைக்கூட அது தாங்காது. ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு நாள் திடீரென்று மொத்தமும் ரத்தத்தில் கலந்து செத்துப் போகும். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், இதையேதான் சொல்வார். கூரைத் தண்ணீர் தொட்டிக்குப் போகிற வீட்டில் மயில்துத்தத்தை நினைத்தே பார்க்காதீர்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம் கோபி பக்கத்தில் என் அத்தை வீட்டுக்கு மயில்துத்தம் அடித்தேன். பாசி பதினைந்தே நாளில் கருகி உதிர்ந்தது, அத்தைக்கு ரொம்பப் பெருமை. வாசலில் தாழ்வாரத்துக்கு நேர் கீழே இருந்த மருதாணி அடுத்த மழையோடு கருகியது. தகரப் பீலியில், அதாவது கூரைத் தண்ணீரை வாங்கி ஓட்டுகிற தண்ணீர்க் காலில், ஒரு வருஷத்துக்குள் ஊசி ஊசியாக ஓட்டை. இரும்பு ஆணியை மயில்துத்தக் கரைசலில் போட்டால் செம்பு நிறம் ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் காட்டியிருப்பார்களே, அதே வேலையை அது தகரத்தின் மேலும் செய்கிறது. “பாசி போச்சுன்னு சந்தோசப்பட்டா பீலி போச்சே கண்ணு” என்று அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. புதுப் பீலி என் கைக்காசில்.

ஆசிட் அதைவிட மோசம். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும். மோட்டு ஓட்டுக்கு (கூரை உச்சி ஓட்டுக்கு) பூசியிருக்கிற காரை, சுவர்த் தலைப்பூச்சு எல்லாம் சுண்ணாம்பும் சிமெண்ட்டும்தான்; பாசியோடு அவையும் நுரைத்துக்கொண்டு போகும். தார்சு வீடாக இருந்தால் அதில் உள்ள குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். உப்புக் கரைசலும் இதே காரணத்தால் வேண்டாம். சிலர் முதலில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்துவிட்டு மேலேயே ஆசிட்டை ஊற்றுவார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஏணியில் இருக்கிற ஆளுக்கு மூச்சு முட்டினால் ஓடி ஒதுங்க இடமில்லை. பிளீச்சிங் பவுடர் மட்டும் என்றால் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், தாமிரம் மாதிரித் தங்காது, அது உண்மைதான். ஆனாலும் கீழே இருக்கிற செடியைக் கருக்கும், தொட்டிக்குப் போகக்கூடாது, அதனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டில் மோட்டின் நெடுகத் துத்தநாகப் பட்டை அடிப்பார்கள் என்று படித்ததாகக் கேட்டிருந்தீர்கள். மழை படப்படக் கொஞ்சம் கொஞ்சமாகத் துத்தநாகம் கரைந்து வழிந்து பாசியை வரவிடாது. நம் ஊரிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம், ஓட்டுக் கூரையில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு சொருகியிருக்கிற இடத்துக்குக் கீழே மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் பளிச்சென்று இருக்கும். வேலை செய்கிறது. ஆனால் அதுவும் உலோகம்தான், தண்ணீரில் வாழ்கிறவற்றுக்கு அதுவும் ஆகாது. மெதுவாகக் கரைவதால் மயில்துத்தத்தை விட எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம், ஆனாலும் குடிக்கிற தண்ணீர் விழுகிற கூரையில் நானாக அடிக்க மாட்டேன்.

அப்படியானால் என்ன செய்வது? சித்திரை வரை பொறுத்திருங்கள். இப்போது மழைக்காலத்தில் ஏறாதீர்கள், ஈரப் பாசியில் கால் வைப்பதும் எண்ணெய் தடவிய பலகையில் கால் வைப்பதும் ஒன்றுதான். ஏறி விழுந்து இடுப்பு உடைந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். சித்திரையில் இரண்டு வாரம் மழையில்லாமல் காய்ந்தபிறகு பாசி ஓரம் சுருண்டு, அப்பளம் மாதிரி பிடிவிட்டு நிற்கும். அப்போது தென்னஞ்சீமாறோ, நாரில் செய்த பிரஷ்ஷோ போதும். மோட்டில் தொடங்கித் தாழ்வாரத்தை நோக்கி மேலிருந்து கீழாகவே தள்ளுங்கள். கீழிருந்து மேலே தள்ளினால் குப்பை முழுக்கக் காடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். காடிக்குக் கத்தியும் கரண்டியும் வேண்டாம், ஒரு விரல் அகல மூங்கில் தப்பையை நுனி சீவி வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டு இழுத்தால் கறுப்பாக, தேயிலைத் தூள் மாதிரி மக்கு வரும், அதில் மாம்பூவும் குருவி எச்சமும் தென்னம்பாளைத் தூளும் கலந்து கிடக்கும். பாசி அந்த மண்ணில்தான் முதலில் பிடித்திருக்கும். இரும்புப் பிரஷ் போட்டால் ஓடு சொரசொரப்பாகி அடுத்த பாசிக்கு நீங்களே மெத்தை விரித்த மாதிரி. கார் கழுவுகிற பிரஷர் பம்பும் அப்படித்தான், ஓட்டின் தோலை உரிக்கும், தண்ணீரை அடியில் ஏற்றி ரீப்பரை நனைக்கும். ஒரே நாளில் புது ஓடு போல ஆவதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

ஓட்டின் மேல் நேராக நடக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. மூங்கில் ஏணியின் அடியில் சாக்கைச் சுற்றி, கூரைமேல் படுக்க வைத்து, மோட்டைத் தாண்டி மறுபக்கத்து மரத்தில் கயிறு கட்டி, இடுப்பிலும் ஒரு கயிறு. அப்புறம் சித்திரையில் ஓட்டுக்கடியில் சிட்டுக்குருவி கூடு வைத்திருக்கும், கையை விடுமுன் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். தேளும் இருக்கும். உதிர்ந்த பாசியில் மருந்து எதுவும் இல்லை என்பதால் அப்படியே தென்னைக்கு வட்டப்பாத்தியில் கொட்டிவிடலாம், ஈரம் பிடித்து நிற்கும்.

பெருக்கியபிறகும் சில இடத்தில் பச்சை விடாமல் இருக்கும். அங்கே மட்டும், கூரை முழுக்க வேண்டாம், காதி சோப்பைக் கரைத்து அடிப்பேன். லிட்டருக்கு 20 கிராம், சாயங்கால வேளையில், நன்றாக நனைகிற மாதிரி. அசுவினிக்கு அடிப்போமே, அந்தச் சோப்புத்தான். மண்ணில் சீக்கிரம் மக்கிவிடும். ஒரு சூட்சுமம்: போர்த் தண்ணியில் கரைத்தால் தயிர் திரிவது போலத் திரிந்துவிடும், நம் பக்கத்து உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது என்பது துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆழியாற்றுக் குழாய்த் தண்ணியோ, பிடித்து வைத்த மழைத் தண்ணியோ வேண்டும். அதுவும் தொட்டிக்குப் போகக்கூடாதுதான், மீன் இருந்தால் சோப்பும் ஆகாது. முதல் இரண்டு மழைத் தண்ணீரைப் பீலியைத் திருப்பி வாய்க்காலில் விட்டுவிடுங்கள். சோப்பால் பாசி பழுப்பாகிறது, அது உறுதி. எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஒரு வீட்டில் மூன்று வருஷம் திரும்ப வரவில்லை, ஆனால் அங்கே அதே வாரம் புளியங்கிளையையும் வெட்டினோம். சோப்பின் வேலையா வெயிலின் வேலையா என்று கேட்டால் நான் வெயில் பக்கம்தான் சாய்வேன். இன்னொரு வீட்டில் கிளையை வெட்ட மனசு வரவில்லை, சோப்பு மட்டும் அடித்தோம், அடுத்த கார்த்திகைக்கே பச்சை.

ஆக உங்கள் வீட்டில் நிஜமான மருந்து அந்த மாமரக் கிளை. மரத்தை வெட்டச் சொல்லவில்லை. கூரைக்கு மேலே கவிந்திருக்கிற இரண்டு மூன்று கிளைகளைக் காய்ப்பு முடிந்ததும் கழித்துவிட்டு, காலை வெயில் கூரையின் கிழக்கு ஓரத்தில் இருந்து உள்ளே வருகிற மாதிரி திறந்துவிடுங்கள். மழை விட்ட மறுநாள் காலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வெயில் பட்டாலே ஓடு காய்கிற நேரம் வெகுவாக மாறும். இலை விழுவதும் குறையும். தென்னை நிழல் மேலோட்டமானது, அதை விடுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, வைகாசிக் கடைசியிலும் புரட்டாசியிலும், நீண்ட கம்பில் சீமாறு கட்டிக் கீழே நின்றபடியே சருகைத் தள்ளிவிட்டால் போதும், மக்குச் சேராது.

அறுபது வருஷ வீடு என்கிறீர்கள், கடைசியாக ஓடு பிரித்து மேய்ந்தது எப்போது என்று எழுதவில்லை. பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தால் பாசியைத் தனியாகச் சுத்தம் செய்வதை விட ஒரேயடியாகப் பிரித்து மேய்வது புத்திசாலித்தனம். வரிசை வரிசையாகக் கீழே இறக்கி, வாசலில் வைத்துத் தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவலாம், உயரத்தில் தொங்க வேண்டியதில்லை, மருந்தும் வேண்டாம். ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கிண்ணென்றால் வைத்துக்கொள்ளுங்கள், டொக்கென்றால் விரிசல். உடைந்ததற்கு மாற்று வாங்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865இல் முதல் ஓட்டுச் சூளையைத் தொடங்கிய பிறகு கர்நாடகத்திலும் கேரளத்திலும் எத்தனையோ கம்பெனிகள் வந்தன, கம்பெனிக்குக் கம்பெனி காடி கொஞ்சம் வேறாக இருக்கும். உங்கள் ஓட்டைத் திருப்பினால் பெயர் அச்சாகியிருக்கும், அதே பெயரை பாலக்காட்டுப் பக்கம் வீடு இடித்த சாமான் விற்கிற இடங்களில் தேடுங்கள். காடி பொருந்தாத ஓடு சேர்த்தால் பாசி இல்லாமலேயே ஒழுகும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. உங்கள் கூரை ஓடாக இல்லாமல் சிமெண்ட் அட்டை என்கிற ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால், கோழிப் பண்ணையிலும் தறிக் கொட்டகையிலும் அதுதானே இருக்கிறது, மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். காய்ந்த அட்டையைத் தேய்த்தால் கல்நார் இழை தூளாகப் பறக்கும், மூச்சில் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது அது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அட்டைமேல் பாசி இருந்தால் இருக்கட்டும், அது மேலே மூடியிருப்பதே நல்லது. தார்சுக்காரர்களுக்கு, பச்சை எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள்; ஏ.சி. தண்ணீர், டேங்க் வழிகிறது, இல்லையென்றால் வாட்டம் (தண்ணீர் ஓடுகிற சரிவு) சரியில்லை. பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், காற்றுப் படப்பட அதன் காரம் குறைந்துவிடும் என்பதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, ஆகவே மொட்டை மாடியில் நீங்கள் ஊற்றுகிற எதுவும் உங்கள் வீட்டுக் கிணற்றைத்தான் தேடிப் போகும்.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். சித்திரைக்கு முன்னால் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, கூரையில் ஏற வேண்டியதில்லை. மழை விட்டதும் வீட்டுக்குள்ளே வடக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்து ரீப்பர்களைப் பாருங்கள். கறுப்பாக ஈரக்கறை தெரிகிற இடத்தில் எல்லாம் சாக்கட்டியால் குறி போட்டுவிட்டு, ஒரு மூன்றங்குல ஆணியைக் கட்டை விரலால் அழுத்துங்கள். நுனி மட்டும் பதிந்தால் நான் மேலே சொன்னபடி சித்திரை வரை நிம்மதியாக இருக்கலாம். அரை அங்குலம் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் பாசியை மறந்துவிட்டு, முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள்.